விலங்கு யாருடைய சொத்து?

1829ஆம் ஆண்டு அமெரிக்காவின் வட கரோலினா மாநில உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. ஜான் மான் என்பவர் லிடியா என்ற அடிமைப் பெண்ணை அவளுடைய உடைமையாளரிடமிருந்து ஓராண்டுக்கு வாடகைக்கு எடுத்திருந்தார். ஏதோ ஒரு சிறு குற்றத்துக்காக அவர் அடிக்கத் தொடங்க, லிடியா தப்பி ஓடினாள். நிற்கச் சொல்லியும் நிற்காததால் சுட்டுக் காயப்படுத்தினார். கீழ் நீதிமன்றம் மானைக் குற்றவாளி என்றது. மேல்முறையீட்டில் நீதிபதி தாமஸ் ரஃபின் அதை ரத்து செய்தார். இப்படித் தீர்ப்பெழுதத் தன் மனம் ஒப்பவில்லை என்று அவரே சொல்கிறார். ஆனால், ஒருவர் இன்னொருவருக்குச் சொத்தாக இருக்கும் வரை உடைமையாளரின் கைக்கு நீதிமன்றம் அளவுகோல் வைக்க முடியாது, வைத்தால் அடிமைமுறையே நிற்காது என்பது அவருடைய முடிவு.

அடிமைகளை அளவுமீறித் துன்புறுத்தக் கூடாது என்ற சட்டங்கள் அன்றைய தென் மாநிலங்களில் இருக்கத்தான் செய்தன. அவை ஏன் பயன்படவில்லை என்பதற்கு ரஃபினின் தீர்ப்பு விடை தருகிறது. சட்டத்தின் தராசில் ஒரு தட்டில் உடைமையாளர், மறுதட்டில் அவருடைய உடைமை. உடைமை என்றைக்கும் வெல்லப் போவதில்லை. விலங்குரிமைச் சிந்தனையில் ஒழிப்புவாதம் என்று அறியப்படும் தரப்பு இந்தப் புள்ளியிலிருந்துதான் கிளம்புகிறது. அதன் முதன்மையான ஆசிரியர் ரட்கர்ஸ் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் கேரி ஃபிரான்சியோன். 1995இல் வந்த ‘அனிமல்ஸ், ப்ராப்பர்ட்டி அண்ட் தி லா’ என்ற நூலில் அவர் முன்வைத்த வாதம் எளிமையானது: விலங்குகள் சட்டத்தில் சொத்தாக இருக்கும் வரை எந்த வதைத் தடுப்புச் சட்டமும் அவற்றைக் காக்காது, ஆகவே கேட்க வேண்டியது நல்ல நடத்தையை அல்ல, சொத்து நிலையின் முடிவை.

இதற்கு முன்னால் இருந்தது நலவாதம். 1789இல் வெளியான தன் நூலின் ஓர் அடிக்குறிப்பில் ஜெரமி பெந்தம், விலங்குக்குப் பகுத்தறிவு உண்டா, பேச்சு உண்டா என்பவை கேள்வியே அல்ல, அதற்கு வலிக்குமா என்பதுதான் கேள்வி என்றார். அந்தக் குறிப்பிலேயே கறுப்பின அடிமைகளின் விடுதலையையும் விலங்குகளின் நிலையையும் இணைத்துப் பேசினார். ஆனால், விலங்கை உண்பதில் அவருக்கு மறுப்பில்லை. அதற்கு எதிர்காலத்தைப் பற்றிய நினைப்பு கிடையாது, வலியில்லாமல் கொன்றால் அது எதையும் இழப்பதில்லை என்று நம்பினார். அந்த நம்பிக்கையின் மேல்தான் கடந்த இரு நூற்றாண்டுகளின் விலங்குச் சட்டங்கள் எல்லாம் கட்டப்பட்டன. 1822இல் ரிச்சர்ட் மார்ட்டின் முயற்சியால் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கால்நடைகளைக் கொடூரமாக நடத்துவதைத் தண்டிக்கும் சட்டத்தை இயற்றியது. இரண்டு ஆண்டுகளில் லண்டனில் வதைத் தடுப்புச் சங்கம் தோன்றியது. பயன்படுத்தலாம், வதைக்கக் கூடாது என்ற நியாயம் அங்கிருந்து உலகெங்கும் பரவியது.

நம் நாட்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டமும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்த முயற்சியே 1960இல் சட்டமாகக் கனிந்தது. அவருடைய உழைப்பைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. இருந்தும் சட்டத்தின் 11ஆம் பிரிவைப் படித்துப் பார்த்தால் ஃபிரான்சியோன் சொல்வதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. தேவையற்ற வலியோ துன்பமோ தருவதுதான் குற்றம். எது தேவையானது? அதே பிரிவின் மூன்றாம் உட்பிரிவு பட்டியல் தருகிறது: விதிமுறைப்படி கொம்பை நீக்குவது, காயடிப்பது, சூடு போடுவது, மூக்கணாங்கயிறு குத்துவது, மனித உணவுக்காகக் கொல்வது. அதாவது, கால்நடை வளர்ப்பில் வழக்கமாக நடப்பவை எல்லாம் தேவையின் பக்கம் போய்விட்டன. குற்றத்தின் பக்கம் எஞ்சுவது யாருக்கும் பயன்படாத கொடுமை மட்டும். அதற்கும் முதல் முறை பத்து ரூபாய்க்குக் குறையாமல் ஐம்பது ரூபாய் வரை அபராதம்.

1860இன் இந்தியத் தண்டனைச் சட்டம் இன்னும் வெளிப்படையாகப் பேசியது. 428ஆம் பிரிவு பத்து ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள விலங்கைக் கொல்வதற்கானது. 429ஆம் பிரிவு மாடு, குதிரை, யானை போன்றவற்றுக்கும் ஐம்பது ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள பிற விலங்குகளுக்குமானது. இரண்டும் சொத்துக்கு எதிரான குற்றங்களைப் பேசும் அத்தியாயத்தில், பிறருடைய பொருளுக்குச் சேதம் விளைவித்தல் என்ற தலைப்பின் கீழ் இருந்தன. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் ரூபாய்க் கணக்கு போய்விட்டது. அத்தியாயம் மாறவில்லை. கொல்லப்பட்ட மாட்டுக்கு நேர்ந்ததைச் சட்டம் இன்றும் மாட்டுக்காரரின் இழப்பாகவே பார்க்கிறது.

மெய்யியலில் ஒழிப்புவாதத்துக்கு முன்னோடிகள் இருவர். இருவரிடமிருந்தும் அது விலகி நிற்கிறது. 1975இல் ‘அனிமல் லிபரேஷன்’ எழுதிய பீட்டர் சிங்கர் உரிமை என்ற கருத்தில் நம்பிக்கை வைத்தவர் அல்லர். இன்பதுன்பங்களின் கூட்டல் கழித்தலே அவருடைய அறவியல். 1983இல் ‘தி கேஸ் ஃபார் அனிமல் ரைட்ஸ்’ எழுதிய டாம் ரீகன், தனக்கென ஒரு வாழ்வை உடைய எந்த உயிரும் பிறருக்குக் கருவியாகக் கூடாது என்றார். கூண்டைப் பெரிதாக்குவதை அவர் கேட்கவில்லை, காலியாக்கவே கேட்டார். ஃபிரான்சியோன் ரீகனுக்கு அருகில் நிற்கிறார். ஆனால், ரீகன் வைத்த தகுதிகளையும் களைந்துவிடுகிறார். நினைவாற்றல், தன்னுணர்வு, எதிர்காலத் திட்டம் எதுவும் வேண்டாம். உணர்திறன் ஒன்று போதும். உணரும் உயிர் ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிமை உண்டு: யாருக்கும் சொத்தாக இல்லாதிருக்கும் உரிமை. வாக்குரிமையோ கல்வியுரிமையோ கேட்கப்படவில்லை. மற்ற உரிமைகள் எல்லாம் கால் ஊன்றுவதற்கு முதலில் இருக்க வேண்டிய தரை அது.

இதிலிருந்து வரும் நடைமுறை முடிவு கடுமையானது: இறைச்சி மட்டுமல்ல, பால், முட்டை, தோல், தேன் எல்லாவற்றையும் கைவிடுவது. புலால் உண்ணாமல் பால் குடிப்பவர் புலால் உண்பவரைவிட அறத்தில் உயர்ந்தவர் என்பதை ஃபிரான்சியோன் ஏற்பதில்லை. உலகில் அதிகம் பால் கறக்கும் நாட்டில் இருந்துகொண்டு இதை மறுப்பது கடினம். பால் வற்றிய மாடும், பாலுக்குப் பயன்படாத காளைக் கன்றும் எங்கே போகின்றன என்பதை நம் சந்தைகளுக்குப் போய்வருகிறவர்கள் அறிவார்கள். வாங்குபவர் இல்லாவிட்டால் விற்பவர் இருக்கமாட்டார் என்ற வாதத்தை வள்ளுவர் புலால் மறுத்தல் அதிகாரத்தில் வைத்திருக்கிறார். ஒழிப்புவாதம் அந்தக் கணக்கைப் பால்பண்ணைக்கும் நீட்டுகிறது. நம் மரபில் வள்ளலாரின் சீவகாருண்யம் வரை வந்த வழி நெடியது, பெரியது. என்றாலும் கருணை கொடுப்பவரின் குணம். கொடுப்பவர் கையை மூடிக்கொண்டால் அங்கே முடிந்துவிடும். உரிமை பெறுபவரிடம் இருப்பது. சட்டத்துக்குள் நுழைய வேண்டுமானால் இரண்டாவதுதான் வேண்டும்.

இனி சர்ச்சைகள். முதல் சர்ச்சை, சீர்திருத்தங்கள் பற்றியது. அமெரிக்காவின் 1958ஆம் ஆண்டு மனிதாபிமானக் கொலைமுறைச் சட்டம், விலங்கை அறுக்கும் முன் உணர்விழக்கச் செய்ய வேண்டும் என்றது. அதனால் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பு, இறைச்சிக்குத் தரம், தொழிலுக்குச் சிக்கனம் என்று சட்டமே தன் நோக்கங்களை அடுக்கியது. கோழிகளை அதில் சேர்க்கவில்லை. சீர்திருத்தங்கள் பெரும்பாலும் முதலாளிக்கு லாபம் தரும் எல்லையில் நின்றுவிடுகின்றன, நுகர்வோரின் மனச்சாட்சியை ஆற்றி விற்பனையைப் பெருக்குகின்றன என்பது ஃபிரான்சியோனின் குற்றச்சாட்டு. 1999இல் பிறந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆணை, முட்டைக்கோழிகளின் பழைய வகைக் கம்பிக் கூண்டுகளை 2012 ஜனவரி முதல் தடை செய்தது. நலவாதிகளின் மிகப் பெரிய வெற்றிகளில் ஒன்று இது. பழைய கூண்டில் ஒரு கோழிக்கு 550 சதுர சென்டிமீட்டர் இடம். புதிய ‘மேம்பட்ட’ கூண்டில் 750. நாம் எழுதும் ஏ4 தாளின் பரப்பு ஏறத்தாழ 624.

எதிர்த்தரப்பில் பிரிட்டனின் ராபர்ட் கார்னர் முக்கியமானவர். அவரும் ஃபிரான்சியோனும் சேர்ந்து 2010இல் ஒரே நூலில் விவாதித்தார்கள். சொத்தாக இருந்துகொண்டே பாதுகாப்புக் கூட முடியும், ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் உள்ள வேறுபாடே அதற்குச் சாட்சி என்பது கார்னரின் கட்சி. அமெரிக்கச் சட்ட அறிஞர் கேஸ் சன்ஸ்டீன் இன்னொரு வழி சொன்னார்: உடைமை நிலையை இப்போதைக்குத் தொட வேண்டாம், இருக்கும் சட்டத்தை நிறைவேற்றக் கோரி விலங்கின் சார்பில் குடிமக்கள் வழக்காட விடுங்கள். இந்த இடத்தில் நான் ஃபிரான்சியோனோடு முழுதாகப் போக முடியவில்லை. இன்று கூண்டில் இருக்கும் கோழி நாளைய விடுதலைக்கான படிக்கல் அல்ல. அதற்கு இருப்பது இந்த ஒரு வாழ்வு. உட்கார ஒரு குறுக்குக் கம்பியும் முட்டையிட ஒரு மறைவிடமும் அதற்குப் பெரிய மாற்றம். அந்த மாற்றத்தைக் கேட்பது தவறில்லை. கேட்டுப் பெற்றதும் அந்த முட்டையை அறத்தின் முத்திரையோடு விற்க உதவுவதுதான் தவறு. விலங்கு நல அமைப்புகள் பல இந்தக் கோட்டைத் தாண்டியிருக்கின்றன. அந்த அளவில் ஃபிரான்சியோனின் கோபம் நியாயமானது.

இரண்டாவது, நீதிமன்ற வழி. மறைந்த ஸ்டீவன் வைஸ் தொடங்கிய நான்ஹ்யூமன் ரைட்ஸ் ப்ராஜெக்ட் 2013 முதல் சிம்பன்சிகளுக்காகவும் ஒரு யானைக்காகவும் நியூயார்க்கில் ஆட்கொணர்வு மனுக்களைத் தாக்கல் செய்தது. ப்ராங்க்ஸ் விலங்குக்காட்சியகத்தில் இருந்த ஹேப்பி என்ற ஆசிய யானைக்கான மனுவை 2022 ஜூனில் அம்மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் ஐந்துக்கு இரண்டு என்ற கணக்கில் தள்ளியது. அர்ஜென்டினாவின் மெண்டோசாவில் 2016இல் ஒரு நீதிபதி செசிலியா என்ற சிம்பன்சிக்கான அத்தகைய மனுவை ஏற்றார். அடுத்த ஆண்டு அது பிரேசிலில் ஒரு புகலிடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஹேப்பி கண்ணாடியில் தன்னை அடையாளம் கண்ட யானை என்பது மனுதாரர்களின் வாதங்களில் ஒன்று. ஒழிப்புவாதிகளுக்கு இதில்தான் உடன்பாடில்லை. மனிதரைப் போன்ற அறிவு இருப்பதால் உரிமை என்றால், கண்ணாடியில் தன்னை அறியாத கோழிக்கும் மீனுக்கும் கதவு அடைபட்டுவிடும். மனிதனை உச்சியில் வைத்த பழைய ஏணியில் யானைக்கும் ஒரு படி கிடைத்ததாக மட்டுமே ஆகும்.

சட்டத்தின் சொற்களை மாற்றினால் போதுமா என்பதற்கு ஜெர்மனி நல்ல பாடம். 1990இல் அந்நாட்டு உரிமையியல் சட்டத்தில், விலங்குகள் பொருள்கள் அல்ல என்று ஒரு பிரிவு சேர்ந்தது. அதே பிரிவு, வேறு விதி இல்லாத இடங்களில் பொருள்களுக்கான விதிகளே விலங்குகளுக்கும் பொருந்தும் என்று முடிந்தது. வாங்கலும் விற்றலும் முன்போலவே நடக்கின்றன.

மனிதர் அல்லாதவர் சட்டத்தின் முன் நபராக முடியாது என்ற தடை மட்டும் நமக்குச் செல்லாது. இந்தியச் சட்டத்தில் தெய்வத் திருமேனி சொத்து வைத்துக்கொள்ளும், வழக்காடும். தஞ்சை வட்டாரத்துப் பத்தூரில் மண்ணுக்கடியிலிருந்து எடுக்கப்பட்டு லண்டன் போன நடராசர் சிலைக்காக, இடிந்து கிடந்த அந்தக் கோயிலே ஒரு தரப்பாக நின்று வழக்காடலாம் என்று 1991இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. நடராசர் ஊர் திரும்பினார். கல்லும் செம்பும் நபராகும் சட்டத்தில் வலியை உணரும் உயிர் நபராவதற்குத் தடை தர்க்கம் அல்ல, பழக்கம். உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் 2018 ஜூலையில் விலங்குலகம் முழுவதும் சட்டப்படி நபர் என்றே அறிவித்துவிட்டது. மக்களை அவற்றின் காப்பாளர்கள் என்றது. வண்டி இழுக்கும் குதிரைகளைப் பற்றிய அந்த வழக்கில் பிறந்த கட்டளைகளோ பார வரம்பு, வெயில் நேரம், தண்ணீர், கொட்டகை பற்றியவை. நபராக அறிவிக்கப்பட்ட குதிரை அதற்குப் பிறகும் வண்டி இழுத்தது.

ஜல்லிக்கட்டு வழக்கும் இதையே காட்டுகிறது. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணனும் பினாகி சந்திர கோஸும் ஜல்லிக்கட்டைத் தடை செய்து அளித்த தீர்ப்பு, அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவில் உள்ள உயிர் என்பதற்குள் விலங்கின் உயிரையும் கொண்டுவந்தது. பசியிலிருந்தும் அச்சத்திலிருந்தும் விடுதலை உள்ளிட்ட ஐந்து சுதந்திரங்களை விலங்கின் உரிமைகளாக வாசித்தது. உலக விலங்குச் சட்ட ஆர்வலர்கள் அதைக் கொண்டாடினார்கள். நிதானமாகப் படித்தால், அந்த ஐந்தும் பண்ணை விலங்கை நன்றாக வைத்துக்கொள்வதற்காக வகுக்கப்பட்டவை என்பது புரியும். 11ஆம் பிரிவின் விலக்குகளை அந்தத் தீர்ப்பும் தேவை என்ற பெயரால் அப்படியே விட்டுவைத்தது. 2017 ஜனவரியில் தடையை எதிர்த்துச் சென்னை மெரினா கடற்கரை நிரம்பியது. தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தியது. 2023 மே 18 அன்று நீதிபதி கே.எம். ஜோசப் தலைமையிலான ஐந்து நீதிபதிகளின் அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தத்தை ஏற்றது; விலங்குகளுக்கு அடிப்படை உரிமை உண்டு என்று சொல்ல முன்னுதாரணம் இல்லை என்றது. 2014இல் தரப்பட்டதாக நினைத்தது ஒன்பது ஆண்டுகளில் திரும்பிப் போயிற்று.

மெரினாவில் கூடியவர்கள் எழுப்பிய ஒரு கேள்வி உண்மையானது: மாட்டைக் கொன்று ஏற்றுமதி செய்யும் நாட்டில், கறந்து வற்றியதும் விற்கும் நாட்டில், ஏறு தழுவுபவன் மட்டும் ஏன் குற்றவாளி? விந்தை என்னவென்றால் ஃபிரான்சியோனும் இதையே கேட்பவர். நாய்ச்சண்டை நடத்தியதற்காக 2007இல் சிறைத்தண்டனை பெற்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் மைக்கேல் விக்கின் மீது நாடே சினந்தபோது, சுவைக்காகத் தட்டில் இறைச்சி வைத்திருப்பவருக்கும் விக்குக்கும் அறத்தில் என்ன வேறுபாடு என்று எழுதினார். ஒரே ஒரு பழக்கத்தைத் தனியே பிடித்து நடத்தும் இயக்கங்கள், பெரும்பான்மையின் பழக்கங்களைச் சுத்தமாக்கிச் சிறுபான்மையின் பழக்கங்களைக் காட்டுமிராண்டித்தனமாக்கும் என்பது அவருடைய எச்சரிக்கை. மெரினா அந்தக் கேள்வியிலிருந்து விளையாட்டைக் காக்கும் முடிவுக்குப் போனது. ஒழிப்புவாதம் விளையாட்டையும் பாலையும் சேர்த்தே விடும் முடிவுக்குப் போகிறது. காளையின் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டாவதுதான் நேர்மையான முடிவு.

அந்த எச்சரிக்கைக்குத் தமிழ்நாட்டில் இன்னொரு நேரடிச் சான்று உண்டு. 1950ஆம் ஆண்டு உயிர்ப்பலித் தடைச் சட்டம் நெடுங்காலம் தூங்கிக் கிடந்தது. 2003இல் ஜெயலலிதா அரசு அதைத் தீவிரமாகச் செயல்படுத்த முனைந்தபோது, கிடா வெட்டிச் சாமி கும்பிடும் கிராம மக்களே அதன் இலக்கானார்கள். கோயில் வாசலில் வெட்டினால் குற்றம், தெருமுனைக் கடையில் வெட்டினால் வியாபாரம். ஆட்டுக்கு இரண்டும் ஒன்றே. அடுத்த ஆண்டே சட்டம் நீக்கப்பட்டது. அந்தச் சட்டம் யாருடைய சாமியைத் திருத்தப் பார்த்தது என்பது ஊருக்குத் தெரிந்தது. பசுவின் பெயரால் நடப்பவை இதைவிடக் கொடியவை. 2016இல் குஜராத்தின் ஊனாவில் செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தவர்கள் எந்த விலங்கின் உரிமைக்காகவும் அடிக்கவில்லை. பசு புனிதம், எருமை ஏற்றுமதிச் சரக்கு என்று பிரிக்கும் நாட்டில் இருப்பது சாதியின் ஒழுங்கு. விலங்குரிமை பேசுகிறவர் இதை ஒவ்வொரு முறையும் உரக்கச் சொல்லியாக வேண்டும். சொல்லாதவரை நம் மக்கள் நம்ப வேண்டியதில்லை.

அடிமைமுறையோடு ஒப்பிடுவதும் எச்சரிக்கையாகக் கையாள வேண்டியது. மாட்டைவிடக் கீழாக நடத்தப்பட்டவர்களிடம் போய் மாடும் உன்னைப் போலத்தான் என்பது கொடுமை. அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர்களான அஃப் கோ, சில் கோ சகோதரிகள் 2017இல் வெளியிட்ட ‘ஆஃப்ரோ-இஸம்’ நூலில் இந்த ஒப்பீட்டைத் தவிர்த்து, மனிதர் என்ற வரம்புக்கு வெளியே சிலரைத் தள்ளுவதற்கே விலங்கு என்ற வகை பயன்பட்டது என்று காட்டினார்கள். துன்பங்களை ஒப்பிடாமல், இரண்டிலும் வேலை செய்த சட்டக் கருவியை மட்டும் ஒப்பிடுவது தகும். அப்படி ஒப்பிட்டால் நம் வரலாறே ஃபிரான்சியோனுக்கு ஒரு திருத்தத்தைத் தருகிறது.

இந்தியாவில் 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம் அடிமைமுறையைக் கிட்டத்தட்ட அவர் விரும்பும் விதத்திலேயே ஒழித்தது. ஒருவர் இன்னொருவரின் சொத்து என்ற உரிமைக் கோரிக்கையை எந்த நீதிமன்றமும் ஏற்காது என்றது. உடைமைப் பட்டயம் ஒரே வரியில் செல்லாமல் போனது. தஞ்சை வயல்களில் என்ன ஆயிற்று? நிலம் யாரிடம் இருந்ததோ அவரிடமே இருந்தது. அடிமை பண்ணையாள் ஆனார். சாட்டையும் கடனும் தொடர்ந்தன. 109 ஆண்டுகள் கழித்து, 1952இல், தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் ஒன்று தேவைப்பட்டது. சட்டம் வருவதற்கும் அதை மெய்யாக்குவதற்கும் அங்கே போராடிய மக்களின் சங்கம் இருந்தது. கோழிக்குச் சங்கம் இல்லை. ஆகவே சொத்து நிலையை நீக்குவது அவசியம். அது மட்டும் போதாது. விலங்கு வாழ இடம், அதன் சார்பில் பேசக் கட்டுப்பட்ட காப்பாளர், மீறினால் தானே இயங்கும் அமைப்பு ஆகியவை இல்லாமல் உடைமைப் பட்டயம் மட்டும் கிழிந்தால், விலங்கு உரிமையாளர் இல்லாத சரக்காகத் தெருவில் நிற்கும்.

சூ டொனால்ட்சனும் வில் கிம்லிக்காவும் 2011இல் எழுதிய ‘ஜூபோலிஸ்’ இந்த இடைவெளியைத்தான் நிரப்பப் பார்த்தது. வீட்டு விலங்குகளை இனி பிறக்கவிடாமல் மெல்ல மறையச் செய்வதே ஃபிரான்சியோனின் தீர்வு. இருப்பவற்றைப் பேணலாம், பெருக்கக் கூடாது. அவர்களோ வீட்டு விலங்குகளை நம் சமூகத்தின் உறுப்பினராக, குடிமக்களாக ஏற்கச் சொல்கிறார்கள். காங்கேயம், புலிக்குளம், உம்பளாச்சேரி மாட்டு ரகங்கள் இல்லாத நாட்டை நினைக்க எனக்கும் வலிக்கிறது. ஆனால், ரகம் வலியை உணர்வதில்லை, ஒரு மாடுதான் உணர்கிறது. ரகத்தைக் காக்க மாட்டைப் பணையம் வைப்பதை ஏற்க முடியாது. பயன் ஏதும் எதிர்பாராமல் வளர்க்கும் மனம் நமக்கு வந்தால் இரண்டும் பிழைக்கும். அந்த அளவில் என் ஒப்புதல் டொனால்ட்சனுக்கும் கிம்லிக்காவுக்கும்தான்.

முட்டையின் கேள்விதான் என்னை அதிகம் உறுத்துவது. நாமக்கல்லின் கம்பிக் கூண்டுகளில் இடப்படும் முட்டை சத்துணவுத் தட்டில் ஏழைக் குழந்தையின் புரதமாகிறது. சாதித் தூய்மையின் பெயரால் அந்த முட்டையைப் பிடுங்கப் பார்ப்பவர்கள் நாட்டில் இருக்கிறார்கள். அவர்களோடு ஒழிப்புவாதி ஒரு மேடையில் நிற்கவே கூடாது. குழந்தையின் தட்டில் அதே அளவு சத்து வேறு வடிவில் வந்து சேர்ந்த பிறகே அந்த முட்டையைப் பற்றிப் பேச நமக்கு வாய் உண்டு. வசதி உள்ளவர்களின் தட்டுக்கு அந்தத் தவணை இல்லை. மாற்று வாங்கக் கையில் பணம் உள்ளவர்கள் இன்றே நிறுத்தலாம். 1824இல் அடிமைமுறையைப் படிப்படியாக அல்ல, உடனே ஒழிக்கச் சொல்லித் துண்டறிக்கை எழுதிய எலிசபெத் ஹெய்ரிக், மேற்கிந்தியத் தீவுச் சர்க்கரையை வாங்காதீர்கள் என்றுதான் இங்கிலாந்துக் குடும்பங்களிடம் கேட்டார்.

2022 நவம்பரில் மத்திய அரசு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு ஒரு திருத்த வரைவை வெளியிட்டு மக்களின் கருத்தைக் கேட்டது. தண்டனையைக் கூட்டியது, ஐந்து சுதந்திரங்களைச் சேர்த்தது. உடைமை நிலையைத் தொடவில்லை. அடுத்த வரைவு வரும்போது அதைப் படியுங்கள். விலங்கைக் கொல்வது சொத்துக் குற்றங்களின் அத்தியாயத்திலிருந்து வெளியே வர வேண்டும், ஒவ்வொரு விலங்குக்காகவும் காப்பாளர் ஒருவர் நீதிமன்றம் போக வழி வேண்டும், 11ஆம் பிரிவின் விலக்குகள் ஒவ்வொன்றாக நீங்க வேண்டும் என்று எழுதி அனுப்புங்கள்.